கன்னத்துப் பொத்தான்

"இதுக்குள்ளதான் என் புருஷன் இருக்கார்," என்று சொல்லி அந்தப் பெண்மணி ஒரு லேப்டாப்பை மேஜை மேல் வைத்தாள்.

குண்டூசி அதன் மூடியை விரலால் தட்டிப் பார்த்தான். "வெளியே போயிருக்கார் போல. பதில் இல்லையே."

தந்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தன் நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

துப்பறியும் நிலையம் என்று வெளியே பலகை மாட்டியிருந்த அந்த அறையில் மொத்த ஊழியர்களே இரண்டு பேர்தான். தந்திக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழிக்க மாட்டாள்; பெயர் அப்படி வந்தது. உதவியாளன் குண்டூசிக்கு நாற்பது நடக்கிறது. ஒல்லியான உடம்பு, யாரையாவது குத்தாமல் இருக்க முடியாத வாய். தந்தி மிச்சம் பிடிக்கும் வார்த்தைகளை எல்லாம் அவன் செலவழித்துவிடுவான்.

"முதல்ல இருந்து," என்றாள் தந்தி.

அந்தப் பெண்மணி சொன்னாள். அவள் கணவர் பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் மேனேஜர் என்றால்தான் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் நரம்பு வியாதி வந்தது. முதலில் கால் போயிற்று, அப்புறம் கை, அப்புறம் குரல். இப்போது அந்த உடம்பில் அவர் சொன்னபடி கேட்பது வலது கன்னம் ஒன்றுதான். இமைகள்கூடத் தங்கள் இஷ்டத்துக்கு மூடித் திறக்கும்.

அந்தக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பொத்தான் கொடுத்தார்கள். அது புளூடூத் வழியாக லேப்டாப்போடு சேரும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தை இழுத்தால் அது பதிவாகும். வார்த்தை முடிந்ததும் லேப்டாப் உரக்கப் படிக்கும்.

"ஒரு எழுத்துக்கு எவ்வளவு நேரம்?" என்றாள் தந்தி.

"பத்து செகண்ட் ஆகும்னு சொன்னாங்க. இவருக்குப் பழகிடுச்சு. நான் அடுப்புல பால் வெச்சுட்டு வர்றதுக்குள்ள மூணு வரி பேசி முடிச்சிருப்பார்."

தந்தி ஒரு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை?"

அவள் முகம் கோணியது. "மத்தியானம் தலையணையைச் சரிபண்ணப் போனேன். 'தொடாதே'ன்னு வந்துது. நான் தப்பாக் கேட்டுட்டேனோன்னு நின்னேன். 'போ'ன்னு வந்துது. அப்புறம் 'பொய்'னு. 'எல்லாம் பொய்'னு. அவர் அப்படிப் பேசற ஆளே இல்லைங்க. யாரோ உள்ளே ஏதோ பண்ணியிருக்காங்க. மாடியில என் நாத்தனார் இருக்கா. நாங்க ரெண்டு பேரும் இந்த ஏழு மாசமா சந்தோஷமா இருக்கிறது அவளுக்குப் பொறுக்கலை. அவதான்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்."

"ஏழு மாசமா சந்தோஷம்னா, அதுக்கு முன்னாடி?"

"முப்பத்தொரு வருஷம் என்னை 'ஏய்'னுதான் கூப்பிட்டார். ருசி சரியில்லைன்னா தட்டு பறக்கும். கை நீளும். வியாதி வந்தப்புறம்தான் மனசு திரும்புச்சு." கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மூலைகள் மடங்காமல் அட்டை போட்டு வைத்திருந்தாள். "அவர் சொன்னது அத்தனையும் இதுல எழுதி வெச்சிருக்கேன்."

தந்தி பக்கங்களைப் புரட்டினாள். 'நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.' 'இத்தனை வருடங்களாக உனக்கு ஏற்பட்ட சிரமங்களுக்காக மனதார வருந்துகிறேன்.' 'எனக்கு வலி இல்லை, தயவுசெய்து கவலைப்படாதே.'

"சொல்றப்பல்லாம் அவருக்குக் கண்ணுல தண்ணி கொட்டும்," என்றாள் மனைவி. "கன்னம் விடாமத் துடிக்கும். நான்தான் துடைச்சுவிடுவேன்."

"இன்னிக்கு வியாழன்," என்றாள் தந்தி. "லேப்டாப் இங்கே இருக்கு. அவர் ரெண்டு நாளா எப்படிப் பேசறார்?"

"பேசலை. செவ்வாய்க்கிழமையே மூடி வெச்சுட்டேனே."

குண்டூசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முதல்முறையாகத் தானாகவே மூடிக்கொண்டான்.

*

லேப்டாப்பையும் பொத்தானையும் நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெக்கானிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தே போனார்கள்.

"'நீ இல்லாவிட்டால்'னு வர்ற வரியில முப்பத்து நாலு எழுத்து," என்றாள் தந்தி. "எழுத்துக்குப் பத்து செகண்ட்."

குண்டூசி மனக்கணக்குப் போட்டான். "கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். மூணு வரின்னா பதினேழு. பால் காய அஞ்சு நிமிஷம் போதும். அவங்க வீட்டு அடுப்பு ரொம்ப மெதுவா எரியும் போல மேடம்."

"'தயவுசெய்து'."

"அதுல என்ன?"

"ஆறு எழுத்து. தட்டை வீசினவர், ஒவ்வொரு எழுத்தையும் கன்னத்தால தூக்கி வைக்கிறவர், அதுக்கு ஒரு நிமிஷம் முழுசாச் செலவழிப்பாரா?"

குண்டூசி நடையைக் குறைத்தான். "'போ' ஒரே எழுத்து."

"ஆமா," என்றாள் தந்தி.

கடையில் மெக்கானிக், வயிறு கிழிந்த மாதிரி திறந்து கிடந்த ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஞாபகம் இருக்கு. ஏழு மாசம் முன்னாடி, பொத்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை தொடர்பு அறுந்துபோகுதுன்னு மேனேஜரோட பொண்ணு கொண்டுவந்தது. லேப்டாப்போட வந்த புளூடூத் சாஃப்ட்வேர் சரியில்லை. அதைத் தூக்கிட்டு வேற டிரைவர் போட்டுக் கொடுத்தேன்."

"டிரைவர்னா?" என்றாள் தந்தி.

"பொத்தான் சொல்றதை லேப்டாப்புக்கு எடுத்துச் சொல்ற ஆள்னு வெச்சுக்கோங்க. கம்பெனி வெச்ச ஆள் தூங்கி வழிஞ்சான். அவனை அனுப்பிட்டு மாற்று ஆளை உட்கார வெச்சேன்."

"மேனேஜர் சர்வீஸ் முழுக்க டிரைவரை மாத்தினவர்," என்றான் குண்டூசி. "ரிட்டயர் ஆனப்புறம் அவருக்கே மாத்திட்டாங்க."

"அதுக்கப்புறம் தொடர்பு அறுந்துச்சா?"

"புகாரே வரலை. நீல விளக்கு விடாம எரியுதான்னு அரைமணி நேரம் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்."

"பொத்தானை அழுத்திப் பார்த்தீங்களா?"

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தார். "விளக்கு எரிஞ்சா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

தந்தி லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். அவர் லேப்டாப்பைத் திறந்து எதையெதையோ தட்டினார். புருவம் சுருங்கியது. "இப்போ நான் போட்ட டிரைவர் இதுல இல்லையே. செவ்வாய்க்கிழமை காலையில பதினொண்ணு பத்துக்கு லேப்டாப் தன்னைத்தானே புதுப்பிச்சிருக்கு. என் டிரைவரைத் தூக்கிட்டு, கம்பெனி டிரைவரோட புதுப் பதிப்பைப் போட்டுக்கிச்சு."

"யார் செஞ்சது?"

"யாரும் செய்ய வேண்டாம். இன்டர்நெட் இருந்தா அதுவாச் செஞ்சுக்கும்."

"நாத்தனாரை விட்டுடலாம் மேடம்," என்றான் குண்டூசி. "குற்றவாளி அப்டேட். விலங்கை எங்கே மாட்டறதுன்னுதான் தெரியலை."

தந்தி கன்னத்துப் பொத்தானை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "உங்க மாற்று டிரைவரை மறுபடி போடுங்க. பத்து நிமிஷத்துக்கு."

போட்டார். பொத்தானில் நீல விளக்கு எரிந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. தந்தி அழுத்தினாள். எழுத்துகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு முறை அழுத்தினாள். பதினைந்து முறை, இருபது முறை. விளக்கு அழகாக எரிந்தது. திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"இப்போ கம்பெனியோடது."

அதையும் போட்டார். தந்தி ஒருமுறை அழுத்தினாள். 'த' என்ற எழுத்து நின்று, திரையின் மேல் பகுதியில் போய் உட்கார்ந்தது.

 மெக்கானிக் அந்த எழுத்தையே பார்த்தார். "என் டிரைவருக்குப் பொத்தானோட பேர் தெரிஞ்சிருக்கு. அது பேசறது புரியலை. அப்போ அந்த மனுஷன் ஏழு மாசமா..."

"ஊமை," என்றாள் தந்தி.

"ஆனா ஏழு மாசமும் இது பேசியிருக்கே," என்றான் குண்டூசி. அவன் குரலில் கிண்டல் இல்லை.

"உங்க டிரைவரோட வேற எதாவது சேர்ந்திருந்ததா?"

மெக்கானிக் மறுபடி தேடினார். "ஒரு சின்ன கீபோர்டு. நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த அன்னிக்குச் சாயங்காலமே சேர்த்திருக்காங்க. தினமும் வேலை செஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை கம்பெனி டிரைவர் திரும்ப வந்ததும் அதை மறந்துடுச்சு. பொத்தான் மட்டும் அதோட பழைய ஞாபகத்துல இருக்கு."

"கீபோர்டு எவ்வளவு தூரத்துல இருந்திருக்கும்?"

"ஒரு சுவர் தாண்டும்."

"மாடி?"

"கான்கிரீட் தளம் போட்ட வீடா? கஷ்டம்."

தந்தி எழுந்தாள். குண்டூசி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டான். அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று அவனுக்கே இப்போது தோன்றியிருக்க வேண்டும்.

*

நாத்தனார் எதுவும் செய்யவில்லை, லேப்டாப் தானாகவே மாறிக்கொண்டது என்று மட்டும் தந்தி வாசலிலேயே மனைவியிடம் சொன்னாள். மேனேஜரின் அறை சுத்தமாக இருந்தது. தலைப்பக்கம் உயர்த்திய இரும்புக் கட்டில், சுருக்கமில்லாத விரிப்பு, மருந்துப் புட்டிகள் உயர வரிசையில். அவர் பெரிய எலும்புக்காரர். சதை போய் எலும்பு மட்டும் அதிகாரத்தோடு படுத்திருந்தது. கண்கள் கூரையைப் பார்த்திருந்தன. பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே யாரோ வேகமாகக் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் பொண்ணு," என்றாள் மனைவி. "வீட்டுலேருந்தே வேலை. கம்பெனிக்கு வர்ற புகாருக்கெல்லாம் பதில் எழுதணும்."

தந்தி நாற்காலியை இழுத்து அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "நான் கேட்கிறதுக்கு ஆமான்னா கன்னத்தை ஒருதடவை இழுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை."

"அது சும்மாவே துடிக்குமுங்க," என்றாள் மனைவி.

"இப்போ ராத்திரியா?"

கன்னம் இரண்டு முறை இழுத்தது.

"பகலா?"

ஒருமுறை.

மனைவியின் கை விரிப்பின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பேசுகிற மெஷின் ஒன்று வீட்டில் இருந்ததால், அந்த வீட்டில் யாருக்கும் இப்படிக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"உடம்பு வலிக்குதா?"

கன்னம் ஒருமுறை இழுத்தது. நிறுத்தாமல் இழுத்துப் பிடித்தபடியே இருந்தது.

"புண் ஒண்ணு இருக்கு," என்றாள் மனைவி அவசரமாக. "படுத்தே இருக்கறதால இடுப்புல வந்தது. நாலு மாசமாச்சு. தினமும் கழுவி மருந்து போடறேன். டாக்டர் வலிக்கு ஊசி வேணுமான்னு கேட்டார். வேண்டாம்னு இவரேதான் சொன்னார்."

போர்வையைத் தூக்கிக் கட்டுத்துணியை விலக்கிக் காட்டினாள். புண் உள்ளங்கை அகலம் இருந்தது, ஆழமும் இருந்தது. குண்டூசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து அறையில் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

தந்தி நோட்டோடு அங்கே போனாள். குண்டூசி பின்னாலேயே போனான். மேஜையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"கடைக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்னு அம்மா சொன்னாங்க," என்றாள்.

தந்தி நோட்டைப் பிரித்து வாசித்தாள். "'உனக்கு ஏற்பட்ட சிரமங்களுக்காக மனதார வருந்துகிறேன்.'"

குண்டூசி அவள் திரையை எட்டிப் பார்த்தான். "இங்கே ஒருத்தருக்கு ஃபிரிட்ஜ் கூலிங் ஆகலை மேடம். அவருக்கும் கிட்டத்தட்ட இதே வரிதான் போயிருக்கு. 'மனதார' மட்டும் இல்லை."

மகள் மறுக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கையகலத்தில் ஒரு கீபோர்டு இருந்தது. அதன் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

"முதல் நாள் மட்டும்னுதான் நினைச்சேன். கடையிலேருந்து கொண்டுவந்து மாட்டினோம். விளக்கு எரிஞ்சுது. அம்மா கட்டில் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்பா கன்னம் இழுக்குது, ஒண்ணும் வரலை. பொத்தான் வேலை செய்யலைன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. மறுநாள் திருப்பிக் கொண்டுபோகலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா, 'என்கூடப் பேசப் பிடிக்கலை போல'ன்னு எழுந்தாங்க. தாங்க முடியலை. இங்கே உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடிச்சேன். 'சாப்பிட்டாயா'ன்னு."

"அப்புறம்?"

"அம்மா அழுதாங்க. அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பிடறப்போ பாட்டு முணுமுணுத்தாங்க."

"மறுநாள் கடைக்குப் போகலை."

"போகலை."

"அப்பாவால பேச முடியலைன்னு தெரியும்."

"தெரியும்."

"புண்ணுக்கு ஊசி வேண்டாம்னு சொன்னது?"

அவள் விரல் கீபோர்டின் ஓரத்தை வருடியது. "வலின்னு எழுதினா அம்மா தூங்க மாட்டாங்க. பக்கத்துலேயே உட்கார்ந்துடுவாங்க. அவங்களுக்கும் ரத்த அழுத்தம் இருக்கு."  அடுத்த வார்த்தைகள் வந்தபோது குரல் மாறியிருந்தது. "அம்மா வாயைத் திறந்தா அடி விழும். அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். முப்பது வருஷம் அவங்க வாயை மூடிட்டு இருந்தாங்க. இவர் ஏழு மாசம் இருந்தா என்ன?"

கதவருகே அசைவு தெரிந்தது. மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று சொல்ல முடியாது. நேராக மகளிடம் வந்தாள். அடி விழப் போகிறது என்று குண்டூசி குறுக்கே கையை நீட்டினான்.

"எல்லாமே நீயா?" என்றாள் மகளிடம்.

"எல்லாமே."

"என் பிறந்தநாளுக்குச் சொன்னது?"

"அதுவும்தான்மா."

"மழை பெஞ்ச அன்னிக்கு, அடுத்த ஜென்மத்துலயும் நீதான்னு..."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவி அவள் தலையில் கை வைத்தாள். கலைந்த முடியை மெதுவாக ஒதுக்கிவிட்டாள். "நல்லா எழுதியிருக்கேடி," என்றாள். பிறகு தந்தியின் பக்கம் திரும்பினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை அந்தக் குரலில் இருந்தது. "நீங்க கண்டுபிடிச்சது போதுங்க. அந்தக் கடைக்காரர் முன்னாடி போட்டுக் கொடுத்தாரே, அதையே மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்க. தானா மாறாத மாதிரி."

குண்டூசி தந்தியைப் பார்த்தான்.  பாதி திறந்த கதவு வழியாக இரும்புக் கட்டில் தெரிந்தது.

"அவருக்குக் காது நல்லாக் கேட்கும்," என்றாள் தந்தி.

"தெரியும்," என்றாள் மனைவி.

*

அதன்பிறகு தந்தி யாரையும் கேட்கவில்லை. டாக்டரின் எண்ணை மருந்துச் சீட்டிலிருந்து பார்த்து அவளே கூப்பிட்டாள். புண்ணின் அளவைச் சொன்னாள். ஊசி வேண்டாம் என்றது நோயாளி இல்லை என்றும் சொன்னாள். நான்கு மணிக்கு வருவதாக டாக்டர் சொன்னார். குண்டூசி லேப்டாப்பைக் கட்டில் மேஜையில் வைத்துத் திறந்தான். ஈரத்துணியால் அந்தக் கன்னத்தைத் துடைத்து, பொத்தானை ஒட்டினான்.  நீல விளக்கு எரிந்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கின.

மனைவியும் மகளும் கதவுப் பக்கம் ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள்.

"நாலு மணிக்கு டாக்டர் வருவார்," என்று தந்தி அவரிடம் சொன்னாள். "நாங்க கிளம்பறோம்."

கன்னம் இழுத்தது. திரையின் மேலே 'போ' என்று விழுந்தது.

மனைவி வறட்டுத்தனமாகச் சிரித்தாள். "பார்த்துக்கோங்க. உங்களையும்தான் சொல்றார். அவர் புத்தி எங்கே போகும்?"

எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. கன்னம் மறுபடி இழுத்தது. பிறகு மறுபடி. வியர்வை நெற்றியிலிருந்து காதுப் பக்கம் இறங்கியது. யாரும் துடைக்க வரவில்லை. குண்டூசி துடைத்தான். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. மெஷின் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தது.

"போகாதீங்க."

குண்டூசி மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். டாக்டர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தந்தி கைப்பையைக் கீழே வைத்தாள்.